களைத்தவரின் சொல்: ‘அலாஸ்’ என்னும் வருத்தக்குரலின் வரலாறு

யோர்தான் ஆற்றங்கரையில் சிலர் மரம் வெட்டுகிறார்கள். குடியிருக்கும் இடம் நெருக்கடியாகிவிட்டது. புதிதாக ஒன்று கட்டிக்கொள்ள உத்திரங்கள் வேண்டும். ஒருவன் ஓங்கி வெட்டும்போது கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று ஆற்றில் விழுகிறது. அருகில் நிற்கும் எலிசா தீர்க்கதரிசியைப் பார்த்து அவன் கூவுகிறான். அந்தக் கோடரி அவனுடையதல்ல, இரவல் வாங்கியது.

விவிலியத்தின் இரண்டாம் இராஜாக்கள் நூலில், 6ஆம் அதிகாரத்தில் வரும் காட்சி இது. எபிரேய மூலத்தில் அவன் வாயிலிருந்து முதலில் வெளிப்படுவது ‘அஹாஹ்’ என்ற குரல். 1611ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியம் அந்த இடத்தில் ‘அலாஸ்’ என்று எழுதியது. தமிழ் விவிலியத்தில் அங்கே ‘ஐயோ’ நிற்கிறது.

நானூறு ஆண்டுகளில் இந்த இரண்டு சொற்களுக்கும் நேர்ந்தது வேறு வேறு. ‘ஐயோ’ இன்றும் நம் வாயில் இருக்கிறது. கைதவறிப் பால் கொட்டினாலும், சாவுச் செய்தி வந்தாலும் யோசிக்காமல் வருகிறது. ‘அலாஸ்’ ஆங்கிலப் பேச்சிலிருந்து ஏறக்குறைய விலகிவிட்டது. அகராதிகள் அதைப் பழைய வழக்கு என்றோ இலக்கிய வழக்கு என்றோ குறிக்கின்றன. இன்று யாராவது சொன்னாலும் பெரும்பாலும் புன்னகையோடு, நாடகத்தனமாகச் சொல்கிறார்கள். ஆனால் மனிதர் தம் வருத்தத்தைச் சொல்ல உருவாக்கிய சொற்களில் மிக நேர்மையான ஒன்று இது என்பது என் எண்ணம். அந்த நேர்மை எங்கிருந்து வந்தது, ஆங்கிலம் அதை ஏன் தள்ளிவைத்தது, அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சொல்லுக்குள் இருக்கும் களைப்பு

‘அலாஸ்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. 1066ல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு அங்கே அரசவையின் மொழியாகவும் சட்டத்தின் மொழியாகவும் ஆனது. அந்த வழியில் வந்த ஏராளமான சொற்களோடு, 13ஆம் நூற்றாண்டில் இதுவும் ஆங்கிலத்தில் குடியேறியது. பழைய பிரெஞ்சில் இது இரண்டு சொல்: ‘ஆ’ என்ற ஒலியும் ‘லாஸ்’ என்ற பெயரடையும். ‘லாஸ்’ என்றால் களைத்த, ஓய்ந்துபோன, நலிந்த என்று பொருள். அதன் மூலம் ‘லஸ்ஸுஸ்’ என்ற லத்தீன் சொல். சோர்வைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் ‘லாசிட்யூட்’ அதே வேரில் கிளைத்தது.

ஆகவே இந்தச் சொல்லின் முதற்பொருள் ‘ஆ, ஓய்ந்துபோனேனே!’ என்பதுதான். பழைய பிரெஞ்சில் இதற்குப் பால் வேறுபாடுகூட இருந்தது. வருந்துபவர் ஆணாக இருந்தால் ‘ஆ லாஸ்’. பெண்ணாக இருந்தால் ‘ஆ லாஸ்ஸ’. வருத்தக்குரல் பேசுபவரின் உடலோடு இயைந்து மாறியது. ஆங்கிலம் ஆண்பால் வடிவத்தை மட்டும் எடுத்து ஒட்டி ஒற்றைச் சொல்லாக்கிக்கொண்டது. இத்தாலியில் ‘லாஸ்ஸோ’ என்று தனியாகவே புலம்பற்சொல்லாக நின்றது. 14ஆம் நூற்றாண்டில் பெத்ரார்க்கின் காதற்பாடல்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

வருத்தத்தின் வேரில் களைப்பு இருப்பது தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு, உயிரையோ பொருளையோ இழப்பது இழவு, தளர்ந்து, இருந்த நிலையிலிருந்து தாழ்வது அசைவு, இல்லாமை வறுமை. மூன்றாவதான அசைவுதான் லத்தீனின் ‘லஸ்ஸுஸ்’. ஒன்றையொன்று அறியாத இரண்டு மரபுகள், அழுகையின் அடியில் உடலின் தளர்ச்சியைக் கண்டிருக்கின்றன.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு யோர்தான் கரைக்குத் திரும்பினால் அந்த மரவெட்டியின் ஒற்றைக் கூவல் விரியத் தொடங்குகிறது. இரும்பு போனது இழவு. சொந்தமாக ஒரு கோடரி இல்லாதது வறுமை. கொடுத்தவன் முன்னால் வெறும் காம்போடு நிற்கவேண்டிவருமே என்பது இளிவு. வெட்டி வெட்டிக் களைத்த உடம்பு, இப்போது வெட்டவும் கருவியின்றி நிற்பது அசைவு. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, எப்படி விழுந்தது என்று விளக்கவும் இல்லை. ஒரு குரல், அதைத் தொடர்ந்து அது இரவல் என்ற உண்மை, அவ்வளவுதான்.

கத்தலா, சொல்லா?

இலக்கணக்காரர்களுக்கு இத்தகைய சொற்கள் எப்போதும் தலைவலி. கிரேக்கர் சொற்களை எட்டு வகையாகப் பிரித்தார்கள். அதைப் பின்பற்றிய ரோமானியருக்கு ஒரு சிக்கல் வந்தது. கிரேக்கத்தில் இருக்கும் ஆர்ட்டிகிள் என்ற வகை லத்தீனில் கிடையாது, எட்டு ஏழாகிவிடும். அந்தக் காலி இடத்தில்தான் உணர்ச்சிக் குரல்கள் தனிச்சொல்வகையாக ஏறின. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரெம்மியுஸ் பலேமோன் என்ற இலக்கண ஆசிரியரோடு இந்த ஏற்பாட்டைத் தொடர்புபடுத்துவது வழக்கம். ‘நடுவே எறியப்பட்டது’ என்ற பொருளில் அதற்கு லத்தீனில் பெயரிட்டார்கள்.

இடம் கிடைத்ததே தவிர மதிப்புக் கிடைக்கவில்லை. 1786ல் மொழி ஆராய்ச்சி நூலொன்றை வெளியிட்ட ஜான் ஹார்ன் டூக், இந்தக் குரல்களை விலங்குகளின் சத்தத்தோடு சேர்த்து ஒதுக்கினார். 1861ல் மாக்ஸ் முல்லர் தம் சொற்பொழிவுகளில், மனிதனின் இயல்பான கத்தல்களிலிருந்தே மொழி பிறந்தது என்ற கொள்கைக்கு ‘பூ-பூ கொள்கை’ என்று கேலிப்பெயர் வைத்தார். கத்தல் முடியும் இடத்தில்தான் மொழி தொடங்குகிறது என்பது அவர் கட்சி.

‘அலாஸ்’ இந்த வாதத்தையே திருப்பிப்போடுகிறது. இது கத்தலாக இருந்து சொல்லானதல்ல. சொல்லாக இருந்து கத்தலானது. பெயரடையாக, பால் காட்டும் விகுதியோடு, இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நடந்த சொல், வருந்தியவர்களின் வாயில் தேய்ந்து தேய்ந்து தன் பொருளை மறைத்துக்கொண்டு வெறும் குரலாகிவிட்டது. ‘ஐயோ’வும் அத்தகையதே என்று கொள்ள இடமிருக்கிறது. ஐயனை, தந்தையை விளித்த விளி அதனுள் இருக்கிறது. வலியில் ‘அம்மா’ என்றும் ‘அப்பா’ என்றும் கூவுகிற மொழியில் இது இயல்பானதுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ‘ஐயோ’ என்பவர் யாரையோ துணைக்கு அழைக்கிறார். ‘அலாஸ்’ என்பவர் யாரையும் அழைக்கவில்லை. தம் நிலையைச் சொல்கிறார்.

கூடப் பிறந்தவை

வருத்தத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே இருந்தது. நார்மானியர் வருமுன் பழைய ஆங்கிலத்தார் ‘வா லா வா’ என்று புலம்பினார்கள். அது ‘வெய்லவே’ ஆகி, சாசரின் கவிதைகளில் ‘அலாஸ்’ உடனேயே வாழ்ந்து, பிறகு மறைந்தது. இன்னொன்று ‘அலாக்’. குறை, இழப்பு என்ற பொருளுள்ள சொல்லோடு ‘ஆ’ சேர்ந்து உண்டானது. நாளை நொந்துகொள்ளும் வழக்கத்தில் அது ‘அலாக் எ டே’ ஆகி, ‘லாக்கடே’ என்று சுருங்கிற்று. எதற்கெடுத்தாலும் ‘லாக்கடே’ என்று பெருமூச்சு விடுகிறவர்களைக் குறிக்க ‘லாக்கடெய்சிக்கல்’ என்ற சொல் பிறந்தது. லாரன்ஸ் ஸ்டெர்ன் 1768ல் வெளியிட்ட பயண நூலில் அதைக் காணலாம். இன்று அந்தச் சொல்லுக்குப் பொருள் அசிரத்தையான, உற்சாகமற்ற, சோர்ந்த என்பது. ‘அலாஸ்’ சோர்விலிருந்து வருத்தத்துக்கு வந்தது. ‘அலாக்’ வருத்தத்திலிருந்து சோர்வுக்குப் போனது. வருத்தமும் களைப்பும் ஒன்றின் வழியே ஒன்றுக்குப் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செய்ததை நினைத்து நோவதற்கு ‘ரூ’ என்றொரு வினை உண்டு. பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மனில் அதன் உறவான ‘ரொய்யெ’ இன்றும் வருத்தத்தைக் குறிக்கிறது. ‘ரூ’விலிருந்து இரக்கம் என்ற பொருளில் ‘ரூத்’ என்ற பெயர்ச்சொல் வந்தது. அந்த ‘ரூத்’ வழக்கிழந்துவிட்டது. அதன் எதிர்மறையான ‘ரூத்லெஸ்’, இரக்கமற்ற என்பது மட்டும் செழிப்பாக வாழ்கிறது. இரக்கத்துக்கான சொல்லை இழந்து, இரக்கமின்மைக்கான சொல்லை வைத்துக்கொண்ட மொழியைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

‘ரூ’ என்ற ஒலியில் ஒரு செடியும் இருக்கிறது. நம் நாட்டு வைத்தியத்தில் அருவதா என்றும் சதாப்பிலை என்றும் வழங்கும், கடுமணமும் கசப்பும் உள்ள அதே செடிதான். செடியின் பெயர் ‘ரூட்டா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வருத்தச் சொல்லோடு அதற்குப் பிறப்புறவு இல்லை. ஆனால் ஒலி ஒன்றாகிவிட்டதால் ஆங்கிலேயர் அந்தக் கசப்பு இலையை வருத்தத்தின் அடையாளமாக்கினார்கள். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் சித்தம் கலங்கிய ஒபீலியா பூக்களையும் இலைகளையும் பங்கிடும்போது பிறருக்கும் தனக்குமாகப் பிரிப்பது இந்த அருவதாவை.

கழிவிரக்கத்தைக் குறிக்கும் ‘ரிமோர்ஸ்’ லத்தீனில் ‘மறுபடி கடித்தல்’ என்ற பொருளில் தோன்றியது. 1340ல் காண்டர்பரியில் டான் மைக்கேல் என்ற துறவி ஒரு பிரெஞ்சு அறநூலை ஆங்கிலமாக்கியபோது, இரவல் சொல் வேண்டாமென்று அதைத் தம் மொழியிலேயே பெயர்த்து நூலுக்குத் தலைப்பாக்கினார்: ‘அயன்பைட் ஆஃப் இன்விட்’. உள்ளறிவின் மறுகடி என்று தமிழில் சொல்லலாம். சொல் நிலைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1922ல் வெளிவந்த ‘யுலிசிஸ்’ நாவலில் ஜேம்ஸ் ஜாய்ஸ் அதைத் தோண்டியெடுத்தார். தாயின் மரணத்தை நினைத்து உள்ளுக்குள் அரிக்கப்படும் இளைஞனின் மனத்துக்கு அந்தப் பழஞ்சொல்தான் பொருந்தியது. பழஞ்சொற்கள் அருங்காட்சியகப் பொருள்கள் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

ஜான்சனின் மூன்று கூறு

1755ல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் ‘அலாஸ்’ சொல்லை மூன்றாகப் பிரித்துப் பொருள் தந்தார். தன்னைக் குறித்துச் சொன்னால் அது புலம்பல். பிறரைக் குறித்துச் சொன்னால் இரக்கம். பொருள்களைக் குறித்துச் சொன்னால் கவலை கலந்த வருத்தம். ஒரே குரல், யாரை நோக்கித் திரும்புகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

இந்த மூன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். தனக்கு என்றால் ‘ஐயோ’. பிறருக்கு என்றால் ‘பாவம்’. பொருளுக்கு என்றால் ‘போச்சே’. மூன்று வேறு சொற்கள். மூன்றாவதில் வருத்தம் சொல்லில்கூட இல்லை; வாலில் ஒட்டிய ஏகாரத்தில் இருக்கிறது. ‘போச்சு’ என்பது செய்தி. ‘போச்சே’ என்பது நெஞ்சடைப்பு.

நம் மொழி வருத்தத்தை இப்படிச் சின்ன இடைச்சொற்களிடம் ஒப்படைத்தது மிகப் பழைய வழக்கம். ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் மூன்று பொருள்களில் முதலாவது கழிவு. இருந்தது இப்போது இல்லை என்ற ஏக்கம் அது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில் அடிக்கடி அடியிறுதியில் ‘மன்னே’ விழுகிறது. முன்பு கொடுப்பான், முன்பு உண்பிப்பான் என்று ஒவ்வொரு நினைவும் அந்தச் சின்னச் சொல்லில் முடிந்து, இனி இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. ‘மன்’ இன்று பேச்சில் இல்லை. அதன் வேலையை ‘இருந்தாரே’, ‘கொடுப்பாரே’ என்ற ஏகாரம் செய்துகொண்டிருக்கிறது. சொல் போனாலும் அதன் இடம் காலியாகவில்லை.

ஒரு மண்டையோடும் பல பகடிகளும்

ஆங்கிலத்தில் அந்த இடம் காலியாகிவிட்டது. காரணங்களில் ஒன்று புகழ். ‘ஹாம்லெட்’டின் ஐந்தாம் அங்கத்தில், குழிவெட்டி எடுத்துக் கொடுக்கும் மண்டையோட்டை இளவரசன் கையில் வாங்குகிறான். அது யோரிக்கினுடையது, சிறு வயதில் தன்னை முதுகில் சுமந்து விளையாடிய அரண்மனைக் கோமாளி. அங்கே வரும் ‘அலாஸ்’ ஜான்சனின் மூன்று பொருளையும் ஒருசேரச் சுமக்கிறது. கோமாளிக்கான இரக்கம், தன் இழந்த பிள்ளைப் பருவத்துக்கான புலம்பல், கையிலிருக்கும் எலும்பைப் பார்த்த திகைப்பு. 1982ல் இறந்த ஆந்த்ரே சைக்கோவ்ஸ்கி என்ற பியானோ கலைஞர், இந்தக் காட்சியில் பயன்படட்டும் என்று தம் மண்டையோட்டை ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு எழுதிவைத்தார். 2008ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் டேவிட் டென்னன்ட் நடித்த ‘ஹாம்லெட்’டில் அது மேடையேறியது.

ஒரு காட்சிக்கு இவ்வளவு புகழ் வந்தால் அதன் சொல் தனியாக வாழ முடியாது. கையில் மண்டையோடு, வாயில் ‘அலாஸ்’ என்பது பகடிக்காரர்களின் முத்திரையாயிற்று. மிகையுணர்ச்சி நாடகங்களும் கண்ணீர்க் கவிதைகளும் அதை மேலும் மலிவாக்கின. உண்மையாக வருந்துபவர் அந்தச் சொல்லை எடுக்கக் கூசும் நிலை வந்தது.

சொல்லின் இருப்பிடமும் மாறியது. முன்பு வாக்கியத்தின் தலையில் ஆச்சரியக்குறியோடு நின்றது, நடுவில் இரண்டு காற்புள்ளிகளுக்கிடையே ஒடுங்கியது. பிரான்சின் தலைசிறந்த கவிஞர் யார் என்று கேட்டபோது எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் விக்டர் ஹியூகோவின் பெயரைச் சொல்லி, கூடவே ‘அலாஸ்’ சொல்லின் பிரெஞ்சு வடிவமான ‘எலாஸ்’ என்பதையும் சேர்த்தார். கதறல் அங்கே கருத்துரையாகிவிட்டது. ஆனாலும் பிரெஞ்சில் ‘எலாஸ்’ உயிரோடு இருக்கிறது. டச்சு மொழியில் ‘ஹேலாஸ்’ மிகச் சாதாரணமான அன்றாடச் சொல். பழமை சொல்லில் இல்லை. அதைப் பேசுவோரின் கூச்சத்தில் இருக்கிறது.

அந்த வெற்றிடத்தில் ஆங்கிலம் உட்காரவைத்தது ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்ற வினையடையை. நாமும் அதை அப்படியே வாங்கி ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று எழுதுகிறோம். இதில் பேசுபவர் இல்லை. நடந்ததற்கு அதிர்ஷ்டம் பொறுப்பு. சொல்பவர் செய்தி கொண்டுவந்தவர் மட்டுமே. ‘அலாஸ்’ சொன்னவர் தம் களைப்பை முன்வைத்தார். ‘துரதிர்ஷ்டவசமாக’ எழுதுபவர் மேசைக்குப் பின்னால் நிற்கிறார்.

அரசுகள் வருந்தும்போது

வருத்தச் சொற்களில் அதிகாரம் கைவைக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு ‘ரிக்ரெட்’ சாட்சி. பழைய பிரெஞ்சில் அது இறந்தவரை நினைத்து அழுவதைக் குறித்தது. ஒப்பாரிக்கு உரிய அந்தச் சொல் இன்று வேலை கிடைக்கவில்லை என்று சொல்லும் கடிதத்திலும், ராஜதந்திர அறிக்கையிலும் இருக்கிறது.

2001 ஏப்ரல் 1ஆம் தேதி ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர்விமானமும் மோதின. சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானம் ஹைனானில் தரையிறங்க, அதிலிருந்த 24 பேரைச் சீனா பிடித்துவைத்தது. விடுவிப்பதற்குச் சீனா கேட்டது மன்னிப்பு. அமெரிக்கா கொடுக்க முன்வந்தது வருத்தம். பத்து நாள் பேரத்துக்குப் பின் ஏப்ரல் 11ஆம் தேதி அளித்த கடிதத்தில் ‘வெரி சாரி’ என்ற தொடர் இரண்டு இடங்களில் வந்தது. சீனா அதை மன்னிப்பு என்று தன் மக்களுக்குச் சொல்லிக்கொண்டது. மன்னிப்பு அல்ல என்று அமெரிக்கா சொல்லிக்கொண்டது. ‘சாரி’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் புண், வலி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கடிதத்தில் இருபுறமும் இழுபறிக்குள்ளான சொல்லில், இறந்துபோன இளைஞனுக்கான வலி எவ்வளவு இருந்தது?

2019 ஏப்ரல் 10ஆம் தேதி, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூற்றாண்டுக்கு மூன்று நாள் முன்பு, பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர்த்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் முழுமையான மன்னிப்பு வேண்டும் என்றார். எது சொன்னால் சட்டப்பொறுப்பு வரும், எது சொன்னால் வராது என்று எடைபோட்டுத் தேர்ந்த சொல் ‘ரிக்ரெட்’. ஒப்பாரி சொல்ல வந்த சொல்லைப் பொறுப்பிலிருந்து தப்பிக்கும் சொல்லாக மாற்றிவைத்திருக்கிறோம்.

இங்கே ‘அலாஸ்’ சொல்லியிருந்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். குற்றம் செய்தவர் கேட்கவேண்டியது மன்னிப்பே. குரல் எழுப்பிவிட்டு நகர முடியாது. ஆனால் எல்லா இழப்புக்கும் குற்றவாளி இருப்பதில்லை. ஆற்றில் விழுந்த கோடரிக்கு யாரும் குற்றவாளி அல்ல. முதுமைக்கு, பிரிவுக்கு, காலந்தாழ்ந்து புரிந்துகொண்ட அன்புக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அங்கே ‘சாரி’ சின்னதாகிவிடுகிறது, ‘ரிக்ரெட்’ அலுவலகமாகிவிடுகிறது. என்னால் இனி எதுவும் செய்ய முடியவில்லை, ஓய்ந்துபோனேன் என்று ஒப்புக்கொள்ளும் சொல் தேவைப்படுகிறது. அதைச் சொல்பவர் பதிலுக்கு எதையும் கேட்பதில்லை. தம்மைக் காத்துக்கொள்வதும் இல்லை.

ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொல் எதிர்ப்படும்போது ‘அந்தோ!’ என்று மேடையேற்றவும் வேண்டாம், ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று கோப்பில் கட்டவும் வேண்டாம். யாருக்காக வருந்துகிறார்கள் என்று ஜான்சனைப் போலக் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஓர் ஏகாரம் போதும்.

2016ல் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி நம் ‘ஐயோ’வைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. நார்மானியரிடம் வாங்கிய வருத்தச்சொல்லைச் சொல்லக் கூசும் மொழிக்கு, கூசாமல் சொல்லப்படும் ஒன்று நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. யோர்தான் கரையில் அருகருகே நின்ற இரண்டு சொற்களும் இப்போது ஒரே அகராதியில் இருக்கின்றன.

அந்தக் கதையின் முடிவில் இரும்பு மிதக்கிறது. எலிசா கேட்டது ஒரே கேள்வி: எங்கே விழுந்தது? அவன் இடத்தைக் காட்டினான். கை நீட்டி எடுத்துக்கொண்டான். எல்லா இரும்பும் மிதப்பதில்லை. ஆனால் விழுந்த இடத்தை மறைக்காமல் காட்டும் குரல் நம்மிடம் இருக்கவேண்டும். யாராவது ஒருவர் எங்கே என்று கேட்பதற்காவது.